துண்டோடு வந்தவரின் மருத்துவ வரலாறு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியின் முகமே மாறிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வந்து போகும் கூட்டம் எல்லா ஊர்களிலிருந்தும் வருவது. அருவிக்குள் இறங்கும்போது அவர்கள் கையில் இருப்பது ஒரு துண்டு மட்டும்தான். சட்டை, பணப்பை, கைப்பேசி, மருந்துச் சீட்டு எல்லாம் அறையிலோ வண்டியிலோ இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார். குளித்துவிட்டுத் திரும்பும்போது பாறையில் கால் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் சிறு வீக்கம். காயம் பெரிதாக இல்லை, பேசவும் செய்தார். அருகிலிருந்த மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, பணியில் இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, 'ஐயா, இவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?' என்பதாகும். நண்பர் சற்றுக் குழம்பிய நிலையில், 'நெஞ்சுக்கு ஒரு சின்ன மாத்திரை' என்றார். முப்பது ஆண்டுப் பழக்கம் இருந்தும் எனக்கு அதற்கு மேல் தெரியவில்லை.

பெங்களூரில் இருக்கும் அவருடைய மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். 'மாமா, அப்பாவுக்கு வால்வு மாத்தியிருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதாங்க' என்று பதறிய அவர், மருந்துச் சீட்டின் படத்தை அடுத்த நிமிடமே கைப்பேசிக்கு அனுப்பினார். படத்தைப் பார்த்த மருத்துவரின் முகம் மாறியது. வீக்கத்துக்கு மருந்து தடவிச் சில மணி நேரம் கவனித்து அனுப்பக்கூடிய ஒரு காயம், அந்தப் படத்துக்குப் பிறகு உடனடியாகத் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டிய காயம் ஆயிற்று. உள்ளே சிறிதளவு இரத்தக் கசிவு இருந்தது. அன்று மாலையே அவர் திருநெல்வேலிக்குக் கொண்டு செல்லப்பட்டார், பிழைத்துக்கொண்டார்.

அன்று அவரைக் காப்பாற்றியதில் மருத்துவருக்கும் ஸ்கேன் கருவிக்கும் பங்கு உண்டு. ஆனால், அந்தக் கருவியை இயக்கத் தூண்டியது மருந்துச் சீட்டின் ஒரு படம். தேவையான தகவல், தேவையான மனிதரிடம், தேவையான நேரத்தில் வந்து சேர்ந்தது. இதைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் ஒழுங்கான ஏற்பாடாக எப்படி அமைப்பது என்று ஆராயும் துறைக்குத்தான் மருத்துவத் தகவலியல் என்று பெயர். மக்கள்தொகை முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது அது நலவாழ்வுத் தகவலியல் ஆகிறது.

எண்ணிலிருந்து முடிவு வரை

மருத்துவமனையில் கணினி வைப்பதே மருத்துவத் தகவலியல் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணினி அதன் கருவி. அதன் பாடுபொருள் வேறு. ஓர் எளிய எடுத்துக்காட்டு. 150 என்பது வெறும் எண். அது தரவு. 'இந்த அம்மாவின் இன்றைய மேல் இரத்த அழுத்தம் 150' என்று சொன்னால் அது தகவல். 'சென்ற மாதம் 130 இருந்தது. பத்து நாள்களாக மாத்திரை வாங்கவில்லை. பீடிக் கடையில் இலை வரத்து இல்லாததால் வீட்டில் வருமானமும் இல்லை' என்பனவும் சேர்ந்துவிட்டால், மருத்துவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிடுகிறது. மருந்தின் அளவைக் கூட்டுவதா, நின்றுபோன மருந்தை வீட்டுக்கே கொண்டு சேர்ப்பதா என்ற முடிவு அந்தக் கூடுதல் செய்திகளில்தான் இருக்கிறது. தரவைத் திரட்டுவது, சேமிப்பது, பிறரும் புரிந்துகொள்ளும்படி எழுதுவது, உரியவரிடம் சேர்ப்பது, முடிவெடுக்கத் துணைபுரிவது என்ற இந்தத் தொடர் முழுவதும் இத்துறையின் எல்லைக்குள் வருகிறது.

அதன் வீச்சு பெரிது. ஒரு முனையில் மரபணு வரிசைகளைப் படிக்கும் உயிரித் தகவலியல் இருக்கிறது. நடுவில், மருத்துவமனையில் நோயாளியின் பதிவுகளையும் ஆய்வகச் சோதனைகளையும் ஸ்கேன் படங்களையும் ஒழுங்குபடுத்தும் மருத்துவப் பிரிவு. மறுமுனையில், ஓர் ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று பார்க்கும் பொது சுகாதாரப் பிரிவு. மரபணு, மனிதர், சமூகம் ஆகிய மூன்று தளங்களிலும் கேள்வி ஒன்றுதான்: தெரிந்த ஒன்று, தெரிந்திருக்க வேண்டியவருக்குத் தெரிகிறதா?

இந்தக் கேள்வி கணினியைவிட மூத்தது. 1854-ஆம் ஆண்டு லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, எல்லாம் ஒரே தெருக் குழாயைச் சுற்றி இருப்பதைக் காட்டினார். ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த மருத்துவமனைப் பதிவுகள் கிடைப்பதில்லை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1863-இலேயே குறைபட்டுக்கொண்டார். 1968-இல் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட், நோயாளியின் பதிவேட்டை அவருடைய பிரச்னைகளின் வரிசையில் எழுத வேண்டும் என்று வாதிட்டார். இன்றைய மின்னணுப் பதிவேடுகளின் வடிவத்துக்கு அது ஒரு வித்து.

நம் மாநிலத்துக்கும் இதில் நீண்ட மரபு உண்டு. பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டம் 1899-ஆம் ஆண்டுக்குரியது. தொற்றுநோய் கண்டால் அறிவிக்க வேண்டும் என்ற கடமையை உள்ளடக்கிய சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் 1939-இல் வந்தது. கிராம அலுவலரின் பதிவேட்டில் தொடங்கிய பணியைத்தான் இன்று கிராம சுகாதார செவிலியரின் கைப்பேசிச் செயலி தொடர்கிறது.

கடையநல்லூர் கற்பித்த பாடம்

தகவல் தாமதமானால் என்ன விலை கொடுக்க நேரிடும் என்பதைத் தென்காசிப் பகுதி மக்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு காய்ச்சல் கடுமையாகப் பரவியது. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட ஊர்களுள் கடையநல்லூரும் ஒன்று. அந்த ஆண்டு தமிழ்நாடு முழுவதும் 12,826 பேருக்கு டெங்கு உறுதி செய்யப்பட்டதாகவும் 66 பேர் உயிரிழந்ததாகவும் தேசியக் கணக்கு கூறுகிறது. அந்த நாள்களில் தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் அடிக்கடி காதில் விழுந்த சொல் 'மர்மக் காய்ச்சல்'.

காய்ச்சலில் மர்மம் ஏதும் இருந்ததா? ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அது அந்த வீட்டின் செய்தி. ஒரே தெருவில் ஏழு வீடுகளில் காய்ச்சல் என்றால் அது ஊரின் செய்தி. ஆனால், அந்த ஏழு பேரும் ஏழு இடங்களுக்குச் செல்கிறார்கள். ஒருவர் மருந்துக் கடைக்கு, ஒருவர் தனியார் மருத்துவரிடம், ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, ஒருவர் நேரே தென்காசிக்கு, ஒருவர் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவமனைக்கு. ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு காய்ச்சல்தான் பதிவாகிறது. ஏழையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் இடம் இல்லாதவரை அது மர்மமாகவே இருக்கும்.

டெங்குவில் காலம் இன்னும் முக்கியமானது. நோயாளியைக் கடித்த கொசு, ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு நாள்களில் பிறருக்கு நோயைப் பரப்பும் நிலையை அடைகிறது. அது கடித்தவருக்கு நான்கு முதல் பத்து நாள்களில் காய்ச்சல் வருகிறது. ஆக, முதல் சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே இரண்டு, மூன்று வாரங்களே இடைவெளி. தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவி, கொசுப் புழுக்களை அழிக்கக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். தகவல் சென்று சேர ஒரு வாரம் ஆனால், அந்த அவகாசத்தில் பெரும்பகுதி தாளிலேயே கழிந்துவிடும்.

மத்திய அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் தொடங்கப்பட்டது. சுகாதாரப் பணியாளர் ஐயத்தின் அடிப்படையில் தருவது ஒரு படிவம். மருத்துவர் அறிகுறிகளைக் கொண்டு தருவது இன்னொன்று. ஆய்வகம் உறுதி செய்து தருவது மூன்றாவது. இம்மூன்றும் வாரந்தோறும் தொகுக்கப்பட்டன. 2021 ஏப்ரலில் இதற்குப் பதிலாக ஒருங்கிணைந்த நலவாழ்வுத் தகவல் தளம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 33 நோய்கள் பற்றிய விவரங்களை அன்றன்றே, இடத்தைக் குறித்துப் பதிவு செய்ய இது வழிசெய்கிறது. ஜான் ஸ்னோ கையால் வரைந்த வரைபடத்தை இனி கணினி வரைந்து தரும். ஆனால், தனியார் மருத்துவரும் சிறிய ஆய்வகங்களும் விவரம் தராவிட்டால் அந்த வரைபடத்தில் பாதித் தெருக்கள் வெறுமையாகவே இருக்கும்.

ஒரே நோய், பல பெயர்

தகவல்கள் ஓரிடத்தில் சேர வேண்டுமானால் அவை ஒரே மொழியைப் பேச வேண்டும். நம் வீடுகளில் 'சர்க்கரை' என்கிறோம். பாடநூலில் 'நீரிழிவு'. மருத்துவர் சீட்டில் 'டி.எம்.' என்று இரண்டெழுத்து. சித்த மருத்துவரிடம் சென்றால் 'மதுமேகம்'. மனிதருக்கு இவை அனைத்தும் ஒன்றெனத் தெரியும். கணினிக்கு நான்கும் நான்கு நோய்கள். இதற்காகவே நோய்களுக்கு உலக அளவில் பொதுவான குறியீடுகள் உருவாக்கப்பட்டன. உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாடு அவற்றில் முதன்மையானது. அதன் பதினோராவது திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பொதிகை மலை மூலிகைகளோடு உறவுடைய இந்தப் பகுதிக்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. 2024 ஜனவரி 10 அன்று புது தில்லியில் வெளியிடப்பட்ட அந்த வகைப்பாட்டின் துணைத் தொகுதியில் ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு சித்த மருத்துவத்தின் நோய்ப் பெயர்களுக்கும் குறியீடுகள் தரப்பட்டன. 1964-இல் தொடங்கப்பட்ட பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் ஒரு மருத்துவர் எழுதும் நோய்ப் பெயரை, இனி உலகின் எந்த மூலையிலும் எண்ணிக் கணக்கிட முடியும். சித்த மருந்து பயன் தருகிறதா என்ற விவாதத்தை நம்பிக்கையின் தளத்திலிருந்து சான்றுகளின் தளத்துக்கு நகர்த்த இது முதற்படி.

நோயின் பெயர் மட்டுமன்றி ஆளின் பெயரும் சிக்கல்தான். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவோரும் உண்டு. பின்னால் போடுவோரும் உண்டு. இசக்கியம்மாள் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் 'இ'யில் தொடங்குவோரும் உண்டு. 'எ'யில் தொடங்குவோரும் உண்டு. குற்றாலத்துக்கே ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டல்கள் வழங்குகின்றன. ஒரே பெண்மணி மூன்று மருத்துவமனைகளில் மூன்று பேராகப் பதிவாவதும், ஒரே பெயருடைய இருவரின் சோதனை முடிவுகள் மாறிப்போவதும் இதனால்தான்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக முன்வைக்கப்படுவது, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க நலவாழ்வுக் கணக்கு எண். இதில் பதிவுகள் அனைத்தும் தில்லியில் ஒரே களஞ்சியத்தில் குவிக்கப்படுவதில்லை. அவை உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி ஒப்புதல் அளித்தால் இன்னொரு மருத்துவர் அவற்றைப் பார்க்கலாம். எல்லைப்புற மாவட்டமான தென்காசிக்கு இது மிகவும் பொருந்தும். செங்கோட்டை, புளியரைப் பகுதி மக்களில் பலர் புனலூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் மருத்துவத்துக்காகச் செல்கிறார்கள். கேரளத்துக்கு ஒரு மின்னணு நலவாழ்வுத் திட்டம், தமிழ்நாட்டுக்கு வேறொன்று. நோயாளி பேருந்தில் எளிதாக மலை தாண்டிவிடுகிறார். அவருடைய பதிவு இன்னும் நெகிழிப் பையில்தான் தாண்டுகிறது.

மேலே செல்வதும் கீழே திரும்புவதும்

தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கிய மாநிலம் அன்று. கருவுற்ற தாய் ஒவ்வொருவரையும் பதிவு செய்து தனி எண் வழங்கி, குழந்தையின் தடுப்பூசி வரை பின்தொடரும் 'பிக்மி' இணையதளம் நெடுங்காலமாக இயங்கி வருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் பிறப்புப் பதிவுக்கும் அந்த எண் கேட்கப்படுவதால், அது கிராமத்துப் பெண்களுக்கும் நன்கு பழக்கமான ஒன்று.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பின்புலத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. மாநில அளவில் 2020-இல் நடந்த ஆய்வில், மிகை இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருப்பது தெரியவந்தது. மருத்துவமனையில் மருந்து இலவசமாகக் கிடைத்தும் இந்த நிலை. யார் மருந்து வாங்க வரவில்லை என்பது தெரிந்தால்தான் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியும். பெண் சுகாதாரத் தன்னார்வலர்களின் கையில் உள்ள பட்டியல் அதைத்தான் செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இன்னும் எளியது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் துணையோடு இது வகுக்கப்பட்டது. காசநோய் கண்டறியப்பட்ட ஒருவரிடம் சுகாதாரப் பணியாளர் சிலவற்றை மட்டும் பார்க்கிறார். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு என்ன, பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா? குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். விலையுயர்ந்த கருவி ஏதுமில்லை. ஒரு தாள், ஓர் எடைக்கருவி, விரல்நுனியில் மாட்டும் ஒரு சிறு கருவி. காசநோயில் தொடக்க வாரங்களில் நேரும் இறப்புகளைக் குறைக்க இந்த எளிய தகவல் போதுமானதாக இருக்கிறது. கடையநல்லூர், ஆலங்குளம், கீழப்பாவூர் வட்டாரங்களில் தலைமுறையாகப் புகையிலைத் தூளைச் சுவாசித்தபடி பீடி சுற்றும் பெண்களுக்கு நுரையீரல் நோய் அயலான செய்தி அன்று. இத்தகைய ஏற்பாடு அவர்களுக்கு எவ்வளவு பெரிய காப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மேற்சொன்ன திட்டங்களில் வெற்றி பெற்றவற்றுக்கு ஒரு பொது இயல்பு இருப்பதைக் காணலாம். கீழே எழுதப்பட்ட தகவல், மேலே சென்று புள்ளிவிவரமாக நின்றுவிடவில்லை. எழுதியவரிடமே செயலுக்கான குறிப்பாகத் திரும்பி வந்தது. காசநோய்த் தாளை நிரப்பும் பணியாளருக்கு, நிரப்பிய மறுநிமிடமே 'இவரை உடனே சேர்க்க வேண்டும்' என்ற விடை கிடைக்கிறது. மேலே மட்டும் செல்லும் தகவல் கணக்குவழக்கு. கீழே திரும்பி வரும் தகவலே மருத்துவம்.

பொருளியல் என்ன சொல்கிறது?

பொருளியல் மாணவன் என்ற முறையில் இதை வேறொரு கோணத்திலும் பார்க்கத் தோன்றுகிறது. நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மருத்துவச் சந்தை ஏனைய சந்தைகளைப் போல இயங்காததற்கு நிச்சயமின்மையும் தகவலில் உள்ள ஏற்றத்தாழ்வுமே காரணம் என்று விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்குகிறோம். ஸ்கேன் தேவையா என்பதைப் புரட்டிப் பார்க்க முடியாது. பழைய பதிவு கையில் இல்லாத நோயாளிக்கு எடுத்த சோதனையே மீண்டும் எடுக்கப்படுகிறது. செலவு அவர் தலையில் விழுகிறது. 2021-22-ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வுக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கைப்பணத்திலிருந்தே செலுத்துகிறார்கள். பதிவுகள் தொலையாமல் இருப்பதும் ஏழைக்கு ஒரு வகையில் பணம்தான்.

அப்படியிருந்தும் இது தானாக ஏன் நடப்பதில்லை? செலவு ஒருவருக்கு, பயன் வேறொருவருக்கு என்பதே காரணம். தென்காசியில் ஒரு மருத்துவர் ஐந்து நிமிடம் செலவிட்டுத் தெளிவாகப் பதிவு செய்தால், அதன் பலன் நாளை திருநெல்வேலியில் உள்ள மருத்துவருக்குக் கிடைக்கும். வெளியே நீண்ட வரிசை காத்திருக்கும்போது அந்த ஐந்து நிமிடத்துக்கு அவருக்கு ஊதியமும் இல்லை, நன்றியும் இல்லை. தனியார் மருத்துவமனைக்கோ, தன் நோயாளியின் பதிவு எளிதாக வெளியே சென்றால் நோயாளியும் சென்றுவிடுவார் என்ற அச்சம். சாலையையும் குடிநீரையும் போலப் பொதுச் செலவாலும் பொது விதிகளாலும் அமைய வேண்டிய கட்டுமானம் இது.

இன்னொரு எச்சரிக்கையும் பொருளியலில் உண்டு. ஓர் அளவையே இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவையாக நீடிப்பதில்லை என்பது பிரிட்டிஷ் பொருளியலர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி. 'இத்தனை பேருக்கு இரத்த அழுத்தம் பார்த்திருக்க வேண்டும்' என்று நாள்தோறும் மேலிருந்து கேட்கப்பட்டால், பார்க்காத அழுத்தமும் பதிவாகும் ஆபத்து உண்டு. எண்ணற்ற செயலிகளிலும் பதிவேடுகளிலும் ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் செவிலியரைக் குறை கூறிப் பயனில்லை. ஒரு முறை எழுதினால் எல்லா இடத்துக்கும் செல்லும்படி அமைப்பதுதான் வல்லுநர்களின் கடமை.

நம்பிக்கையும் எச்சரிக்கையும்

மருத்துவப் பதிவு வங்கிக் கணக்கைவிட அந்தரங்கமானது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். தனக்கு என்ன நோய் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டால் மாற்ற முடியாது. சிற்றூர்களில் காசநோயும் மனநோயும் திருமணப் பேச்சுவரை பாதிக்கும் என்பதை நாம் அறிவோம். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை பல நாள்கள் தாளிலும் பேனாவிலும் இயங்க நேரிட்டது. 2023-இல் நிறைவேற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை மையமாகக் கொண்டது. ஆனால், வரிசையில் நிற்கும் முதியவரிடம் ஆங்கிலத்தில் ஒரு திரையைக் காட்டி 'இங்கே தொடுங்கள்' என்பது ஒப்புதல் ஆகாது. எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், மறுக்கலாமா என்பதைத் தமிழில் இரண்டு நிமிடம் விளக்குவதே ஒப்புதல்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பெருமிதத்துக்கும் இதே அளவு நிதானம் தேவை. நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைக் கணினியே கண்டறியும் முறையைக் கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டனர். 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு அது பயிற்றுவிக்கப்பட்டது. அவற்றில் அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகியவற்றில் எடுக்கப்பட்ட படங்களும் அடங்கும். ஆய்வகத்தில் சிறப்பாக இயங்கிய அம்முறை தாய்லாந்தின் கிராமப்புற மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டபோது, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட படங்களைத் தரம் போதாது என்று ஒதுக்கிவிட்டது. அறையில் போதிய இருட்டு இல்லாததும் வேகமான இணையம் இல்லாததும் காரணங்கள். 2020-இல் வெளியான அந்த அனுபவம் நமக்கும் பாடம். கருவி சென்னையில் இயங்குவதால் செங்கோட்டையிலும் இயங்கும் என்று கொள்ள முடியாது. அந்தந்த இடத்தில் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

இத்துறைக்கு மருத்துவர், கணினியாளர் என்று இரு தரப்பார் மட்டும் போதாது. செவிலியர், புள்ளியியலர், நூலகர், மொழியறிஞர், சட்டம் படித்தோர் அனைவருக்கும் இதில் இடம் உண்டு. நோய்ப் பெயர்களுக்கும் ஒப்புதல் படிவங்களுக்கும் எளிய தமிழ் வடிவம் தருவதே பல ஆண்டுகளுக்குப் போதுமான பணி. 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசி, பழைய சுமைகள் குறைந்த ஒரு புதிய நிர்வாகம். ஆரம்ப சுகாதார நிலையம், தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனை, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகிய மூன்றுக்கும் இடையே ஒரு நோயாளியின் பதிவு தடையின்றிச் சென்று திரும்புவதையும், சாரல் காலத்தில் குற்றாலத்தில் அமையும் மருத்துவ முகாம்களில் வெளியூர் நோயாளியின் விவரத்தை அவர் ஒப்புதலோடு பார்க்க முடிவதையும் இங்கே முதலில் செய்து காட்டலாம். இரண்டும் எட்டாத கனவுகள் அல்ல.

அரசும் வல்லுநர்களும் அதைச் செய்யும்வரை நாம் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நமக்குள்ள நோய்கள், உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்துகள், செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, படமெடுத்து, உடன் வருபவரின் கைப்பேசியிலும் சேமித்து வைக்கலாம்.

சென்ற சாரலுக்கு அந்த நண்பர் மீண்டும் வந்தார். அருவிக்குக் கிளம்பும்போது நெகிழி உறையிட்ட ஒரு சிறிய அட்டையை என்னிடம் தந்தார். 'சார், இது உங்க பையில இருக்கட்டும்' என்றார். திருப்பிப் பார்த்தேன். மாத்திரையின் பெயர், அளவு, மகளின் தொலைபேசி எண் எல்லாம் அவருடைய அழகான கையெழுத்தில், தமிழில் இருந்தன. துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னே நடந்தார்.